உருளைக்கிழங்கு இரகத் தேர்வும் சமையல் முறையும்: ஆண்டிஸ் முதல் நீலகிரி வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உருளைக்கிழங்கு ஒரே பயிராயினும் அதன் இரகங்கள் அனைத்தும் ஒரே பதத்தில் வேகுவதில்லை. சில குழைந்து மாவாகும், சில உருக்குலையாமல் நிற்கும், சில எண்ணெயில் பொன்னிறம் பெறும், சில கருகும். எந்தச் சமையலுக்கு எந்தக் கிழங்கு என்னும் அறிவு எவரிடம் தோன்றியது, எவரிடம் சென்று சேர்ந்தது, எங்கெங்கு வழக்கொழிந்தது என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஆண்டிஸ் மலைவாழ் மக்கள், ஐரோப்பியச் சந்தை, இந்திய அரசு ஆய்வு நிறுவனம், நீலகிரி ஆகிய நான்கு களங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழகச் சந்தையில் இரகப் பெயர் வழங்காமல் ஊர்ப்பெயரே வழங்குவதற்கான காரணமும், அவ்வூர்ப்பெயர் உண்மையில் எதனைக் குறிக்கிறது என்பதும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உருளைக்கிழங்கு, இரகம், மாவுத்தன்மை, இறுகுதன்மை, உலர்பொருள், நீலகிரி, நூற்புழு, உணவு வரலாறு.

1. முன்னுரை

உணவு வரலாறு குறித்த ஆய்வுகளில் உருளைக்கிழங்கு பெரிதும் மக்கள்தொகை, பஞ்சம், குடியேற்றம் ஆகியவற்றோடு இணைத்தே பேசப்பட்டு வந்துள்ளது. ரெட்கிளிஃப் சலமான் 1949இல் வெளியிட்ட உருளைக்கிழங்கின் வரலாறும் சமூகத் தாக்கமும் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் கருதப்படுகிறது. ரெபெக்கா ஏர்ல் 2020இல் வெளியிட்ட நூல் உருளைக்கிழங்கை அரசியல் சிந்தனையின் வரலாற்றோடு இணைத்துக் காட்டுகிறது. இவ்வாய்வுகளில் கிழங்கு, பெரும்பாலும் மக்களைப் பசியாற்றும் ஒரு பொருளாகவே நிற்கிறது. அடுப்பங்கரையில் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

ஆனால் சமைப்பவருக்கு முதற்கேள்வி அதுவே. பூரிக்கு மசாலா செய்யும்போது குழையாத கிழங்கும், குருமாவில் கரைந்துபோகும் கிழங்கும், வறுவலில் கருகும் கிழங்கும் சமைப்பவரின் பிழையாகவே பெரும்பாலும் எண்ணப்படுகின்றன. உண்மையில் இவை இரகம், விளைந்த பருவம், சேமித்த முறை ஆகியவற்றின் விளைவுகள். இவ்வேறுபாட்டை அறிந்து கிழங்கைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நுகர்வோருக்குச் சில நாடுகளில் உண்டு; சில நாடுகளில் இல்லை. இந்த வேறுபாடு இயல்பாக அமைந்ததன்று, வரலாற்றுக் காரணங்களால் உருவானது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. வேகும் பதத்தின் அடிப்படை

வரலாற்றுக்குள் புகுமுன், கிழங்கு வேகும்போது நிகழ்வதைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சியது உலர்பொருள். உலர்பொருளில் பெரும்பகுதி மாவுச்சத்து. உலர்பொருள் மிகுந்த கிழங்கை வேகவைக்கும்போது ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் மாவுச்சத்துத் துகள்கள் உயிரணுவின் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அதே வேளையில் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைகிறது. உயிரணுக்கள் உடையாமல் தனித்தனியே பிரிகின்றன. வாயில் உதிரும் உலர்ந்த மாவு போன்ற பதம் இவ்வாறே தோன்றுகிறது. இதனை மாவுத்தன்மை எனலாம். உலர்பொருள் குறைந்த கிழங்கில் உயிரணுக்கள் பிரியாமல் ஒட்டியே நிற்பதால் துண்டு வடிவம் மாறுவதில்லை. இதனை இறுகுதன்மை எனலாம்.

இவ்விரு தன்மைகளையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அளவில் ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு நீரில் கரைத்து அதில் கிழங்கை இட்டால் மாவுத்தன்மை மிகுந்தது மூழ்கும். இறுகுதன்மை மிகுந்தது மிதக்கும். உணவு அறிவியலாளர் ஹெரால்டு மெக்கீ இதனைப் பரவலாக அறியச் செய்தார். மாவுச்சத்து நீரைவிட அடர்த்தி மிக்கது என்பதே இதன் அடிப்படை. வறுவல் ஆலைகள் கிழங்கின் ஒப்படர்த்தியை அளந்து 1.080 அளவிலோ அதற்கு மேலோ உள்ளவற்றை விரும்புவதும் இதே காரணத்தால்தான். உலர்பொருள் மிகுந்தால் ஆவியாக வேண்டிய நீர் குறைவு. எனவே எண்ணெய் உறிஞ்சுதலும் குறைவு.

வறுவலுக்கு உலர்பொருள் மட்டும் போதாது. குளுக்கோசு, ஃபிரக்டோசு ஆகிய ஒடுக்கும் சர்க்கரைகள் மிகுந்திருந்தால், அவை அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து கருநிறமும் கசப்பும் தருகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விளக்கிய வினை இது. 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள், மாவுச்சத்து மிகுந்த உணவுகளை உயர்வெப்பத்தில் வறுக்கும்போது அக்ரிலமைடு என்னும் தீங்கு தரத்தக்க பொருள் தோன்றுவதை வெளிப்படுத்தினர். அதன் பின்னர், சர்க்கரையின் அளவு சுவையோடு உடல்நலமும் சார்ந்த சிக்கலாயிற்று.

மேலும் ஒரு செய்தி தமிழ்ச் சமையலோடு நேரடித் தொடர்புடையது. புளி, தக்காளி போன்ற அமிலப் பொருள்கள் பெக்டின் கரைவதைத் தடுக்கின்றன. ஆகவே புளிக்கரைசலில் இட்ட பச்சைக் கிழங்கு நெடுநேரம் வேகாமல் நிற்கும். கிழங்கை முன்னரே வேகவைத்துப் பின்னர்ப் புளி சேர்க்கும் வழக்கம் இதனை அனுபவத்தால் உணர்ந்ததன் பயனே.

3. ஆண்டிஸ்: பயன்பாட்டால் அமைந்த பகுப்பு

உருளைக்கிழங்கின் தாயகமான தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைத்தொடரில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட நாட்டு இரகங்கள் உள்ளன. 1971இல் பெரு நாட்டின் லிமா நகரில் நிறுவப்பட்ட பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் இவற்றைப் பாதுகாத்து வருகிறது. அங்குள்ள உழவர் ஒரே நிலத்தில் பல இரகங்களைக் கலந்து பயிரிடுவது மரபு.

ஸ்டீபன் பிரஷ் முதலிய மானிடவியல் ஆய்வாளர்கள் காட்டியுள்ளபடி, ஆண்டிஸ் உழவரின் கிழங்குப் பகுப்பில் சமையற் பயன்பாடு முதன்மையான அளவுகோல். அப்படியே அவித்து உண்ணத்தக்கவை ஒரு வகை. கசப்புத்தன்மையால் நேரடியாக உண்ண இயலாதவை மற்றொரு வகை. இரண்டாம் வகைக் கிழங்குகள் கடுங்குளிர் நிலவும் உயர்நிலங்களில் விளைபவை. இவற்றை இரவுப் பனியில் உறையவைத்து, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்திச் சுன்யோ என்னும் உலர்கிழங்காக மாற்றுவர். சுன்யோ ஆண்டுக்கணக்கில் கெடாது. மஞ்சள் நிறமும் மாவுத்தன்மையும் கொண்ட பாப்பா அமரிய்யா என்னும் கிழங்கோ, மசித்துச் செய்யும் காவ்சா என்னும் பெரு நாட்டு உணவுக்கு உரியது.

பெயர்களிலும் சமையலறை பதிவாகியுள்ளது. கண்கள் ஆழமாகப் பதிந்து முண்டும் முடிச்சுமாக விளையும் இரகம் ஒன்றுக்கு ‘மருமகளை அழவைப்பது’ என்னும் பொருளில் கெச்சுவா மொழியில் பெயர் வழங்குகிறது. தோல் உரிக்கும் துன்பமே இப்பெயருக்குக் காரணம். இரகத்தின் பெயரில் அதனைக் கையாளும் பெண்ணின் உழைப்பு இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. இங்கு விளைவிப்பவரும் சமைப்பவரும் ஒரே குடும்பத்தினர். ஆகவே விதைத் தேர்வும் சமையல் தேர்வும் இருவேறு செயல்களாகப் பிரியவில்லை.

4. ஐரோப்பா: பதத்தைப் பின்தள்ளிய விளைச்சல்

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவை அடைந்த உருளைக்கிழங்கு தன் இரகச் செழுமையின் மிகச் சிறு பகுதியையே உடன் கொண்டு சென்றது. அதனோடு பிறந்த பகுப்பறிவு உடன் செல்லவில்லை. பிரான்சில் இக்கிழங்கைப் பரப்பிய அந்துவான் பார்மாந்தியே 1770களில் எதிர்கொண்ட சிக்கல் இதற்குச் சான்று. பஞ்சக்கால உணவாக உருளைக்கிழங்கை முன்வைத்த அவர், அதிலிருந்து ரொட்டி செய்யப் பெரிதும் முயன்றார். உருளைக்கிழங்கு மாவில் குளூட்டன் இல்லாமையால் அது கோதுமை போல உப்பி எழாது. புதிய பொருளைப் பழைய உணவின் வடிவில் அடைக்க முயன்ற இம்முயற்சி நிலைக்கவில்லை. ஆனால் மசித்த கிழங்கைக் கொத்திறைச்சியின் மேல் பரப்பிச் சுடும் உணவுக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. கிழங்குக்கு இயல்பான சமையல் முறையே வென்றது எனலாம்.

அயர்லாந்தின் வரலாறு வேறு வகையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பரவிய லம்பர் என்னும் இரகம் வளமற்ற நிலத்திலும் மிகுந்த விளைச்சல் தந்தது. ஆனால் அது நீர்த்த பதமுடையது. முன்னர் வழங்கிய ஆப்பிள், கப் முதலிய இரகங்களைவிடச் சுவையில் தாழ்ந்தது எனக் கருதப்பட்டது. சிறு துண்டு நிலத்தில் குடும்பம் முழுமைக்கும் உணவு விளைவிக்க வேண்டிய ஏழைக் குத்தகையாளருக்குப் பதத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பில்லை. 1845இல் தொடங்கிய பின்பருவக் கருகல் நோயும் அதனைத் தொடர்ந்த பஞ்சமும் ஏறத்தாழ பத்து இலட்சம் பேரின் உயிரைக் கொண்டன. அன்று பயிரிடப்பட்ட பிற இரகங்களும் அந்நோய்க்கு எதிர்ப்புத்திறன் அற்றவையே. எனவே லம்பரை மட்டும் பஞ்சத்தின் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஒரே இரகத்தைச் சார்ந்திருக்க நேர்ந்த வறுமை, அவ்வழிவின் அளவைப் பெருக்கியது. இரகத் தேர்வு என்பது சுவை நுணுக்கம் மட்டுமன்று, அது நிலவுடைமையோடும் பிணைந்தது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

5. சந்தையில் பதத்திற்குக் கிடைத்த பெயர்

கருகல் நோய்க்குப் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதிய இரகங்களை உருவாக்கும் முயற்சி விரைவு பெற்றது. அமெரிக்காவில் லூதர் பர்பாங்க் 1870களில் தேர்ந்தெடுத்த நாற்றின் வழிவந்த ரஸ்ஸெட் பர்பாங்க் பின்னாளில் நீள்வறுவலுக்கு உரிய இரகமாயிற்று. இங்கிலாந்தில் 1902இல் சந்தைக்கு வந்த கிங் எட்வர்டு, சூட்டடுப்பில் வாட்டுவதற்கு ஏற்ற மாவுத்தன்மையால் புகழ்பெற்றது. நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் உருவாக்கித் தம் மாணவியின் பெயரிட்ட பின்ட்யே, பெல்ஜிய நாட்டு வறுவலின் அடையாளமாயிற்று. கடையில் நுகர்வோர் கிழங்கை இரகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

1957இல் தோன்றிய ஐரோப்பிய உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக் கழகம் வேகும் பதத்தை நான்கு வகையாகப் பகுத்தது. முதல் வகை, வடிவம் குலையாமல் குளிர்ந்த கலவைகளுக்கு உதவும் இறுகிய கிழங்கு. இரண்டாம் வகை, ஓரளவு இறுகியதும் பல சமையலுக்கும் பொதுவானதுமானது. மூன்றாவது மாவுத்தன்மை உடையது. நான்காவது மிகுந்த மாவுத்தன்மை உடையது. ஜெர்மனியில் கிழங்குப் பைகளின் மேல் ‘இறுகி வேகுவது’, ‘பெரும்பாலும் இறுகி வேகுவது’, ‘மாவாக வேகுவது’ எனக் குறிக்கும் முறை நிலைபெற்றது. இரகத்தை அறியாதவரும் சமையலுக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ள இது வழிசெய்தது.

இவ்வறிவு நுகர்வோரின் உரிமையுணர்வாகவும் மாறியதற்கு லின்டா என்னும் ஜெர்மானிய இரகம் சான்று. 1974இல் பதிவுபெற்ற இந்த இறுகுதன்மை இரகத்தின் காப்புரிமைக் காலம் முப்பது ஆண்டுகளில் முடிவடையும் நிலையில், உரிமை பெற்றிருந்த நிறுவனம் 2004இல் அதன் பதிவையே விலக்கிக்கொண்டது. பதிவில்லாத இரகத்தின் விதையை விற்க இயலாது. உழவரும் நுகர்வோரும் எதிர்ப்பியக்கம் நடத்தினர். 2010இல் லின்டா மீண்டும் ஜெர்மனியில் பதிவுபெற்றது. ஒரு கிழங்கின் பதத்தைப் பெயரிட்டு அறிந்த சமூகமே அதனை இழக்கும்போது எதிர்க்குரல் எழுப்ப இயலும் என்பது இங்குத் தெளிவாகிறது.

6. இந்தியா: அரசு ஆய்வும் ஆலைத் தேவையும்

போர்த்துகீசியர் வழியாக மேற்குக் கடற்கரையை அடைந்த உருளைக்கிழங்கு, மராத்தி, குஜராத்தி மொழிகளில் பட்டாட்டா என்னும் சொல்லை விட்டுச்சென்றது. வட இந்தியச் சமவெளியில் புல்வா முதலிய பழைய இரகங்கள் நெடுங்காலம் பயிரிடப்பட்டன. 1949இல் பாட்னாவில் தொடங்கப்பெற்று 1956இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்ட மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் இந்தியச் சூழலுக்கேற்ற இரகங்களை உருவாக்கியது. இனக்கலப்பு நடைபெற்ற சிம்லாவை அடுத்த குஃப்ரி என்னும் மலையூரின் பெயர் அவ்விரகங்களின் முன்னொட்டாயிற்று. 1960களில் வெளியான குஃப்ரி சிந்தூரி, குஃப்ரி சந்திரமுகி, குஃப்ரி ஜோதி ஆகியவை நாடெங்கும் பரவின. நோய் எதிர்ப்பு, குறுகிய பயிர்க்காலம், விளைச்சல் ஆகியவையே அக்காலத்தின் முதன்மை நோக்கங்கள். உணவுப் பற்றாக்குறை நிலவிய நாட்டில் அந்நோக்கங்கள் இயல்பானவையே.

சமையல் முறையை வெளிப்படையாகப் பெயரிலேயே தாங்கிய முதல் இந்திய இரகங்கள் 1998இல் வந்தன. அவை குஃப்ரி சிப்சோனா 1, குஃப்ரி சிப்சோனா 2 ஆகியவை. 2009இல் குஃப்ரி ஃபிரைசோனா வந்தது. முன்னவை சிப்சுக்கும் பின்னது நீள்வறுவலுக்கும் உரியவை. உலர்பொருள் 20 விழுக்காட்டிற்கு மேலும், ஒடுக்கும் சர்க்கரை மிகக் குறைவாகவும் இருத்தல் இவற்றின் இலக்கணம். ஆனால் இவ்விரகங்கள் நிறைவு செய்தது ஆலையின் தேவையை. இந்தியாவில் விளையும் உருளைக்கிழங்கில் ஆலைக்குச் செல்வது சிறுபகுதியே. பெரும்பகுதி வீட்டு அடுப்பங்கரைக்கும் உணவகங்களுக்கும் செல்கிறது. அந்தப் பெரும்பகுதிக்குச் சமையல் முறை சார்ந்த இரகப் பெயரோ குறியீடோ சந்தையில் அமையவில்லை.

வறுவல் இரகம் பொருளாதார மதிப்புப் பெற்றதன் மறுபக்கம் 2019இல் வெளிப்பட்டது. தான் பதிவுசெய்திருந்த எஃப்.எல். 2027 என்னும் சிப்ஸ் இரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகப் பெப்சிகோ இந்தியா நிறுவனம் குஜராத் உழவர்கள் மீது வழக்குத் தொடுத்து, எதிர்ப்பு வலுத்ததும் திரும்பப் பெற்றது. தாவர இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமை ஆணையம் 2021இல் அப்பதிவை நீக்கியது. 2024இல் தில்லி உயர்நீதிமன்ற அமர்வு அந்நீக்கத்தை இரத்துச் செய்தது. ஆண்டிஸில் குடும்பத்தின் பொது அறிவாக இருந்த ஒன்று, ஈராயிரமாம் ஆண்டுகளில் நீதிமன்றத்தில் வழக்காடப்படும் உடைமையாயிற்று.

சேமிப்பு முறையும் இங்குக் கருதத்தக்கது. வட இந்தியாவில் அறுவடை முடிந்ததும் உண்ணும் கிழங்கும் விதைக் கிழங்கும் 2 முதல் 4 பாகை செல்சியசு குளிரில் ஒரே கிடங்கில் சேமிக்கப்பட்டன. இக்குளிரில் முளைப்பு தடைப்படும். ஆனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். இத்தகைய கிழங்கு சமைத்தால் இனிக்கும், வறுத்தால் கருகும். ஆலைக்கான கிழங்கு 10 முதல் 12 பாகை வெப்பநிலையில், முளைப்பைத் தடுக்கும் மருந்துடன் தனியே சேமிக்கப்படுகிறது. ஆக, ஒரே இரகமாயினும் கிடங்கு மாறினால் பதம் மாறும்.

7. நீலகிரி: ஊர்ப்பெயரின் பொருள்

நீலகிரியில் உருளைக்கிழங்கு உள்ளிட்ட ஐரோப்பியக் காய்கறிகளை 1820களில் அறிமுகப்படுத்தியவர் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன். ஐரோப்பியக் குடியிருப்பின் தேவைக்காகத் தொடங்கிய பயிரைப் படகர் சமூகத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் வேளாண்மையில் இணைத்துக்கொண்டனர். மலையில் விளைந்த கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகள் வழியாகச் சமவெளிக்கு இறங்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஸ்காட்லாந்தில் தோன்றிய கிரேட் ஸ்காட் என்னும் இரகம் அங்குப் பெருவழக்காக இருந்தது. பின்னர் அவ்விடத்தைக் குஃப்ரி ஜோதி பெற்றது.

1961இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜோன்ஸ் உதகை அருகே முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டறிந்தார். ஆண்டிஸில் தோன்றிய இப்புழு மண்ணில் கூடுகட்டிப் பல ஆண்டுகள் உயிர்வாழ வல்லது. அதனால் நீலகிரிக் கிழங்கு விதைக்காக வெளியிடங்களுக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. முத்தோரையில் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் எதிர்ப்பு இரகங்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டது. காட்டினமான சொலானம் வெர்னியின் எதிர்ப்புத்திறனைத் தாங்கிய குஃப்ரி ஸ்வர்ணா 1985இல் வெளியாயிற்று.

இதே புழு இங்கிலாந்திலும் பரவியிருந்தது. 1950களில் எல்லன்பி என்னும் ஆய்வாளர் ஆண்டிஸ் கிழங்கொன்றில் கண்ட எதிர்ப்புத்திறனைக் கொண்டு, 1960களின் நடுவில் கேம்பிரிட்ஜ் தாவர இனவிருத்தி நிலையம் மாரிஸ் பைப்பரை வெளியிட்டது. அது புழுவை எதிர்த்ததோடு, அந்நாட்டு மக்கள் விரும்பும் வறுவலுக்கும் மிகப் பொருந்தியது. ஆகவே உழவரும் கடைக்காரரும் நுகர்வோரும் ஒருசேர அதனை ஏற்றனர். நீலகிரியில் நிகழ்ந்ததோ வேறு. எதிர்ப்புத்திறன் கொண்ட இரகம் வந்தபின்னும் குஃப்ரி ஜோதி தன் இடத்தை இழக்கவில்லை. புழு எதிர்ப்பும் சந்தை விருப்பமும் ஒரே இரகத்தில் கூடுவது எளிதன்று என்பதனை இவ்விரு வரலாறுகளின் ஒப்பீடு காட்டுகிறது.

தமிழகக் கடைகளில் ‘குஃப்ரி ஜோதி’ என்று கேட்டு வாங்குவார் இல்லை. ‘ஊட்டிக் கிழங்கு’ என்றே கேட்பர். செம்மண் ஒட்டிய தோலே அதன் அடையாளம். கர்நாடகத்திலும் வங்கத்திலும் பெருமளவில் விளைந்ததும் அதே குஃப்ரி ஜோதிதான் என்பதை நோக்கின், ஊர்ப்பெயர் இரகத்தைக் குறிக்கவில்லை என்பது தெளிவு. எனில் அது எதனைக் குறிக்கிறது? நீலகிரியில் நீர்ப்போகம், கார்ப்போகம், கடைப்போகம் என ஆண்டின் பெரும்பகுதி கிழங்கு விளைகிறது. அது நெடுங்காலக் குளிர்பதனச் சேமிப்புக்கு உட்படாமல் புதிதாகவே சந்தைக்கு வருகிறது. ஆகவே அதில் குளிரால் விளையும் இனிப்பு இல்லை. வறுத்தால் கருகுவதும் குறைவு. ‘ஊட்டிக் கிழங்கு’ என்னும் சொல் இரகத்தைவிடச் சேமிப்பு வரலாற்றையே பெரிதும் உணர்த்துகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு. நுகர்வோரின் தேர்வு அறியாமையால் விளைந்ததன்று. கிடைக்கும் அடையாளங்களுள் பயன்மிக்கதைப் பற்றிக்கொண்ட தேர்வு அது.

8. தமிழ்ச் சமையலில் கிழங்குப் பகுப்பு

இரகப் பெயர் தமிழ்ச் சமையலறைக்குள் நுழையாமைக்கு மற்றொரு காரணத்தையும் கருதலாம். தமிழ்ச் சமையலில் கிழங்குக்கும் சமையல் முறைக்கும் இடையிலான பொருத்தம் மிகப் பழமையானது. ஆனால் அது ஒரே கிழங்கின் இரகங்களுக்கிடையே அமையாமல், வெவ்வேறு கிழங்குகளுக்கிடையே அமைந்தது. பிடிகருணை மசியலுக்கு உரியது. அதன் காறலைப் புளி அடக்கும். சேனை துண்டு குலையாமல் வறுவலாகும். சேப்பங்கிழங்கு அவித்து, உரித்து, பின்னர் வறுக்கப்படும். தென்மாவட்டங்களில் சிறுகிழங்கு பொங்கல் காலத்துப் பொரியலுக்கு உரியது. குழைய வேண்டுமெனில் ஒரு கிழங்கு, நிற்க வேண்டுமெனில் வேறொரு கிழங்கு என்னும் ஒழுங்கு முன்னரே இருந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சங்ககாலந்தொட்டு அறியப்பட்ட வள்ளிக்கிழங்கின் பெயரைச் சார்ந்து பெயர்பெற்றன. உருளைக்கிழங்கு அத்தகைய முன்னோர் பெயர் எதனையும் சாராமல் வடிவத்தால் மட்டும் பெயர்பெற்றது. ஏற்கெனவே இருந்த கிழங்கு வரிசையில் அது ஓர் இடத்தைப் பெறாமல், எல்லா இடங்களையும் நிரப்பத் தொடங்கியது. பொடிமாஸ், போண்டா, பூரி மசாலா ஆகியவற்றில் குழைய வேண்டிய கிழங்காகவும், குருமா, சாம்பார், காரக்கறி ஆகியவற்றில் நிற்க வேண்டிய கிழங்காகவும், வறுவலில் மொறுமொறுப்பாக வேண்டிய கிழங்காகவும் அதுவே எதிர்பார்க்கப்பட்டது. பல கிழங்குகள் பகிர்ந்து செய்த பணியை ஒரே பெயருடைய ஒரு கிழங்கு ஏற்றபோது, பதம் தவறுவது தவிர்க்க இயலாததாயிற்று.

ஆயினும் சமைப்பவர்கள் பெயரில்லாமலே பகுப்பை உருவாக்கிக்கொண்டனர். புதுக்கிழங்கு, பழைய கிழங்கு என்னும் பிரிவு அத்தகையது. முதிராத புதுக்கிழங்கில் உலர்பொருள் குறைவு; அது குழம்பில் நிற்கும். நன்கு முதிர்ந்து தோல் தடித்த கிழங்கு மசிப்பதற்கு உதவும். முழுதாக வதக்கச் சின்ன உருளையைத் தேடுவதும் இவ்வகைத் தேர்வே. வயது, உருவம், தோல், ஊர் ஆகிய நான்கு புறக்குறிகளால் உள்ளிருக்கும் உலர்பொருளையும் சர்க்கரையையும் ஊகிக்கும் அறிவு இது. இவ்வறிவு நூல்களில் பதிவு பெறாமல் வாய்மொழியாகவே வழங்கி வருகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, சமையல் முறைக்கேற்ற கிழங்குத் தேர்வு என்பது விளைவிப்பவருக்கும் சமைப்பவருக்கும் உள்ள தொலைவைப் பொறுத்து மாறியுள்ளது. ஆண்டிஸில் இருவரும் ஒருவரே. அங்குப் பகுப்பு செழித்தது. அயர்லாந்தில் இருவரும் ஒருவராயினும் நிலமின்மை தேர்வைப் பறித்தது. ஐரோப்பியச் சந்தை பதத்திற்குப் பெயரும் குறியீடும் தந்து அத்தொலைவை ஓரளவு ஈடுசெய்தது.

இரண்டாவதாக, இந்தியாவில் பதம் சார்ந்த இரக உருவாக்கம் ஆலைக்காக நிகழ்ந்ததே தவிர வீட்டுச் சமையலுக்காக நிகழவில்லை. பெரும்பான்மை நுகர்வோரான வீட்டுச் சமையலாளர்களின் அளவுகோல்கள் இனவிருத்தி நோக்கங்களுள் உரிய இடம் பெறவில்லை.

மூன்றாவதாக, தமிழகத்தில் வழங்கும் ஊர்ப்பெயர் பொருளற்ற பழக்கம் அன்று. அது புதுமையையும் குளிர்பதனத்திற்கு உட்படாமையையும் குறிக்கும் நம்பகமான குறிப்பாக விளங்கியுள்ளது. ஆனால் அக்குறிப்பு நீலகிரியில் கிழங்கு தொடர்ந்து விளையும்வரை மட்டுமே பயன்தரும். நூற்புழுவாலும் பிற காரணங்களாலும் அங்குச் சாகுபடி சுருங்குமாயின், தமிழ்ச் சமையலறை ஒரு பயிரோடு சேர்த்துத் தன் கையிலிருந்த ஒரே அளவுகோலையும் இழக்கும். லின்டாவைப் பெயர்சொல்லிக் கேட்க ஜெர்மானிய நுகர்வோருக்கு இயன்றது. பெயரறியாத ஒன்றை மீட்டுக் கேட்பது அரிது.

எனவே இரகம், விளைந்த போகம், சேமித்த முறை ஆகிய மூன்றையும் நுகர்வோர் அறியும் வண்ணம் கிழங்குச் சந்தையில் குறிப்பிடும் முறை தேவை. அதற்கு முன்னதாக, புதுக்கிழங்கு, பழைய கிழங்கு, சின்ன உருளை, ஊட்டிக் கிழங்கு போன்ற வழக்குகளை வட்டாரந்தோறும் தொகுத்து, அவற்றின் பின்னுள்ள சமையலறிவைப் பதிவுசெய்வது தமிழ் ஆய்வுலகின் பணியாகும். படகர் உழவர்களிடமும் மேட்டுப்பாளையம் மண்டித் தொழிலாளர்களிடமும் சமையற்கலைஞர்களிடமும் இவ்வறிவு இன்றும் வழக்கில் உள்ளது. அதனைத் தொகுக்கும் களப்பணி தாமதிக்கத்தக்கதன்று.